நான் ஒருத்தன் ஏசிய 25ல வெச்சா பூமி குளிர்ந்துடுமா?

கடைசிபெஞ்ச்:
ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தது. எங்க ஆபீஸ்ல ஏசி எப்பவும் 18ல தான் ஓடும், என் வரிசைல மூணு பேர் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, ஒருத்தங்க ஷால் போத்திக்கிட்டு டைப் பண்ணுவாங்க, ஆனா ரிமோட்ட மட்டும் யாரும் தொட மாட்டாங்க. போன வாரம் நானே எழுந்து போய் 25ல வெச்சேன். பத்தே நிமிஷம், ஒருத்தர் வந்து "என்னப்பா, நீ தான் பூமிய காப்பாத்த போறியா"ன்னு கேட்டுட்டு திரும்ப 18க்கு கொண்டு வந்துட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சுட்டேன் பாருங்க, அதான் இன்னும் உறுத்துது.

வீட்லயும் இதே கதை தான். போன் வாங்கி அஞ்சு வருஷம், பேட்டரிய மட்டும் மாத்தி ஓட்டுறேன், கஞ்சன்னு பேரு வாங்கிட்டேன். கணக்கு போட்டா என் பங்கு கடல்ல கரைச்ச பெருங்காயம். இதுக்கெல்லாம் நிஜமா அர்த்தம் இருக்கா, இல்ல மனச தேத்திக்கற வேலையா?

மழைக்காகம்:
தேத்திக்கற வேலை தான் ப்ரோ. 'கார்பன் ஃபுட்பிரிண்ட்'ங்கற வார்த்தைய ஊரெல்லாம் பரப்புனதே 2000கள்ல வந்த பிபி எண்ணெய் கம்பெனி விளம்பரம் தான். எண்ணெய தோண்டி விக்கறவங்க நம்ம கைல கால்குலேட்டர குடுத்து நீ எவ்ளோ புகை விட்டன்னு கேக்கறாங்க, நாமளும் குற்ற உணர்ச்சியோட உக்காந்து கூட்டிட்டு இருக்கோம். 2020 லாக்டவுன்ல உலகமே வீட்டுக்குள்ள கிடந்துச்சே, அந்த வருஷம் உலகம் வெளிய விட்ட கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சது சுமார் 5% தான், அடுத்த வருஷமே பழைய எடத்துக்கு வந்துடுச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்.

ரிப்பேர்ராணி:
மழைக்காகம், நம்பர் சரி, அதுலருந்து நீங்க எடுத்த முடிவு தப்பு. லாக்டவுன்ல யாரும் பழக்கத்த மாத்திக்கல, அடைச்சு வெச்சாங்க, அவ்ளோ தான். கரண்ட் அதே நிலக்கரில தான வந்துச்சு? கதவ திறந்ததும் எல்லாரும் பழையபடி ஓடுனதுல என்ன ஆச்சரியம்.

ஐபிசிசின்னு ஐ.நா.வோட பருவநிலை விஞ்ஞானிகள் குழு இருக்கு, அவங்க 2022 அறிக்கைல இதுக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. சாப்பாடு, பயணம், கட்டடம், பொருள் வாங்கறதுன்னு நாம பயன்படுத்தற பக்கத்த மாத்துனாலே அந்தந்த துறைல 2050க்குள்ள புகைய 40லருந்து 70% வரைக்கும் குறைக்க வாய்ப்பு இருக்குன்னு போட்டிருக்காங்க. ஆனா அது நாம நல்ல பிள்ளையா நடந்துக்கறதால மட்டும் வராது, பஸ் வந்தா தான பஸ்ல போக முடியும், ஸ்பேர் கிடைச்சா தான ரிப்பேர் பண்ண முடியும்.

கடைசிபெஞ்ச், போன் விஷயத்துல நீங்க தலை குனியவே வேணாம். ஒரு போனோட கார்பன்ல பெரும்பகுதி அது பெட்டிய விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே செலவாயிடுது, தினம் சார்ஜ் போடறதெல்லாம் அதுக்கு முன்னாடி சில்லறை. கஞ்சன்னு சொல்றவங்கள சொல்ல விடுங்க.

இன்னொன்னு. ஒரு காலத்துல பிளேனுக்குள்ளயே சிகரெட் பிடிச்சாங்க, இப்ப யாராவது பத்த வெச்சா பக்கத்து சீட்காரரே சண்டைக்கு வந்துடுவார். அடுத்த தடவ போனா டாய்லெட்ல பாருங்க, இன்னமும் ஆஷ்ட்ரே இருக்கும். தடை வந்தும் அத எடுக்கல, ஏன்னா எவனாவது ஒருத்தன் மீறி பிடிப்பான், துண்ட குப்பைல போட்டு தீ வெச்சுடக்கூடாதுன்னு தான். நூறு பேரும் மாறுற வரைக்கும் யாரும் காத்திருக்கல.

மழைக்காகம்:
ஆஷ்ட்ரே மேட்டர் தெரியாது, சூப்பர். ஆனா அங்க சட்டம் வந்துச்சு, அபராதம் வந்துச்சு. ஏசிக்கு யார் அபராதம் போடுவா?

ஒத்தையடிபாதை:
அந்த சட்டம் தானா வரல சார், புகை பிடிக்காதவங்க வருஷக்கணக்கா இருமி இருமி சண்டை போட்டாங்க.

கடைசிபெஞ்ச் தம்பி, நீங்க பண்ண ஒரே தப்பு தனியா போய் ரிமோட்ட தொட்டது. ஸ்வெட்டர் போட்ட மூணு பேர், ஷால் போத்துன அம்மா, ஆக நாலு ஓட்டு உங்களுக்கு ஏற்கனவே இருக்கு, அவங்கள கேட்டீங்களா? பூமின்னு ஆரம்பிச்சா சிரிப்பாங்க, "குளிருதுங்க"ன்னா யாரும் சிரிக்க முடியாது. ஒரு டிகிரி கூட்டுனா சுமார் 6% கரண்ட் மிச்சம்னு சொல்வாங்க, அத பில் கட்டறவர் காதுல போடுங்க, அவர் தான் உங்க கட்சிக்கு தலைவர். ஒரு வீட்டு மாடில சோலார் ஏறுனா அந்த தெருவுல அடுத்தடுத்து ஏறுதுன்னு கலிஃபோர்னியால ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க. பிரசங்கம் கேட்டு யாரும் மாறுறதில்ல, பக்கத்து வீட்ட எட்டிப் பாத்து தான் மாறுறாங்க.

கடைசிபெஞ்ச்:
அப்டேட். ஷால் அம்மாகிட்ட கேட்டேன். "ரெண்டு வருஷமா யாராவது கேப்பாங்கன்னு பாத்துட்டு இருக்கேன்"னாங்க! 25ன்னு ஆரம்பிச்சு பேரம் பேசி 23ல நிக்குது. அந்த சிரிச்ச மனுஷன் டேபிள் ஃபேன் வாங்கி வெச்சுக்கிட்டார். ரிமோட்ட இன்னிக்கு காலைலருந்து காணோம், சத்தியமா நான் எடுக்கல.