பாஸ்குக்கு வீட்டில் 13 பேர்: இந்த வருடமாவது நான் இராப்பூசைக்குப் போக வேண்டும்

தூத்துக்குடி ஆச்சி:

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது இரண்டு படுக்கையறை, ஒரே ஒரு கழிவறை உள்ள பழைய வீடு. எனக்கு 66 வயது, இவருக்கு 72. பெரிய வெள்ளி ஏப்ரல் 3, பாஸ்கு, அதாவது ஈஸ்டர், ஏப்ரல் 5. மகன் குடும்பம் நான்கு பேர் சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் வருகிறார்கள். பெரிய மகள் வீட்டில் நான்கு பேர் பெங்களூரிலிருந்து மைசூர் ரயிலில். சின்ன மகளும் மாப்பிள்ளையும் ஏழு மாதக் குழந்தையும் மதுரையிலிருந்து. டிக்கெட் திறந்த அன்றே, 60 நாளுக்கு முன்பே, எடுத்துவிட்டார்கள். வெள்ளி காலை வந்து ஞாயிறு மாலை கிளம்புகிறார்கள். அவர்கள் வருவதைவிட எனக்குப் பெரிய சந்தோஷம் வேறு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கவலை இதுதான். தவக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. பாஸ்குக்கு முந்தின சனி இரவு நடக்கும் இராப்பூசை முடிந்து வந்ததும் ஆப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும் சுடச்சுட இருக்க வேண்டும், அது என் மாமியார் காலத்துப் பழக்கம். போன வருடம் கோயிலில் புது நெருப்பு மூட்டும்போது நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வியாழன் பூசையிலிருந்து அடிக்காமல் இருந்த கோயில் மணி, 'உன்னதங்களிலே' கீதம் பாடும்போது அடித்ததை வீட்டிலிருந்துதான் கேட்டேன். பேத்திக்கு 9 வயது. கையில் பாதி எரிந்த மெழுகுத்திரியோடு ஓடி வந்து, "ஆச்சி, உனக்காக அணையாம கொண்டுவரப் பார்த்தேன், தெருமுனையில காத்து அணைச்சிட்டு" என்றாள். அந்தத் திரி இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

இன்னொன்று, இவருக்குச் சர்க்கரை. பெரிய வெள்ளி அன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பேன் என்று பிடிவாதம். போன வருடம் சிலுவைப்பாதையில் எட்டாம் ஸ்தலத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பேரப்பிள்ளைகளும் பயந்துபோனார்கள். சொன்னால் கேட்பதில்லை.

13 பேரைச் சமாளித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

குமரி அக்கா:

அம்மா, வெள்ளிக்கிழமை சமையலை விட்டுவிடுங்கள். எங்கள் பக்கம் அன்று கஞ்சிதான். புழுங்கலரிசி ஒரு கிலோ, சிறுபயறு அரைக்கிலோ, தேங்காய்த் துவையல், சுட்ட அப்பளம். ரயிலில் களைத்து வந்தவர்களுக்கும் வயிற்றுக்கு இதம். சின்னப்பிள்ளைகளுக்குப் பாலும் வாழைப்பழமும் தனியாக வையுங்கள். மூன்று மணிக்குச் சிலுவை ஆராதனைக்குப் போகும்போது பாத்திரம் கழுவும் வேலைகூட அதிகம் இருக்காது.

படுக்கைக்கு, ஆண்கள் எல்லோரும் மொட்டை மாடி. கொசுவலையை மறக்க வேண்டாம்.

பாளையங்கோட்டை ஓய்வு ஆசிரியர்:

ஐயாவின் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், நானும் சர்க்கரைக்காரன். ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்குத் தொடங்கி 59 நிறைந்ததும் முடிந்துவிடுகிறது. திருச்சபைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. நோயாளிகளை எந்த வயதிலும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆக, ஐயாவுக்கு அந்தக் கடமை முடிந்து 13 வருடம் ஆகிறது. சுத்தபோசனம், அதாவது கறி சாப்பிடாமல் இருப்பது, வேறு; அதை அவர் தாராளமாகக் கடைப்பிடிக்கலாம், கறி சாப்பிடாததால் சர்க்கரை இறங்காது. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வெயிலில் நடப்பதுதான் ஆபத்து. இந்த வாரமே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பங்குச்சாமி சொல்லட்டும். அவருக்கு வேறு ஒரு வேலையும் கொடுங்கள். குருத்து ஞாயிறு ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வெள்ளிக்கிழமை வரை வாடாது. பிள்ளைகளை உட்காரவைத்து ஓலைச் சிலுவை மடிக்கக் கற்றுக்கொடுக்கட்டும். என் தாத்தா எனக்குக் கற்றுக்கொடுத்தது இன்றும் என் விரலில் இருக்கிறது.

திருச்சி மருமகள்:

நான் வந்து இறங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன் அம்மா. என் அத்தையும் உங்களைப் போலத்தான். "நீ பிரயாணம் பண்ணி வந்திருக்கே, போய் உட்காரு" என்பார். நாங்கள் உட்கார்ந்திருப்போம், அவர் நின்றுகொண்டே இருப்பார். ஊருக்குத் திரும்பும்போது மனது கனக்கும். போன வருடம் நானே வாய்விட்டுக் கேட்டு அடுப்படியை வாங்கிக்கொண்டேன். உங்கள் பிள்ளைகள் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆப்பத்தையும் குழம்பையும் விட வேண்டியதில்லை. கறியைக் கடையில் முன்பே சொல்லி வையுங்கள், சனி காலை வரிசையில் நிற்க வேண்டாம். இரண்டரைக் கிலோ போதும். மதியமே வெங்காயம், மசாலாவோடு குக்கரில் வேகவைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். தேங்காயை மட்டும் அப்போது சேர்க்கக் கூடாது, அரைத்துத் தனியாக வைக்க வேண்டும். பூசை முடிந்து வந்து இரண்டையும் சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட்டால் பதினைந்து நிமிட வேலை. ஆப்பமாவு, ஏப்ரல் வெயிலில் மதியம் அரைத்தால் இரவுக்குள் புளித்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அரைத்தால் நீங்கள் திரும்பி வரும்போது சரியாகப் பொங்கியிருக்கும். இரண்டு ஆப்பச்சட்டி வேண்டும், ஒன்றைப் பக்கத்து வீட்டில் வாங்கி வையுங்கள்.

தூத்துக்குடி ஆச்சி:

எல்லோருக்கும் நன்றி. திருச்சி மருமகள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். என் மருமகளும் ஊருக்குப் போகும்போது அப்படித்தான் நினைத்திருப்பாளோ என்று இருந்தது. நேற்று அவளுக்கே போன் செய்து, "கறி உன் பொறுப்பு, நான் தேங்காய் மட்டும் அரைத்துத் தருகிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சரி அத்தை, எவ்வளவு மிளகு போடுவீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். ஆப்பம் சுடுவது மாப்பிள்ளைகள் இருவரும். பெரியவருக்கு நன்றாக வரும்.

இவர் சாமியாரிடம் தானே போய்க் கேட்டுவிட்டு வந்தார். கஞ்சி குடிக்கிறாராம், மீன் மட்டும் வேண்டாமாம். டாக்டரிடம் செவ்வாய்க்கிழமை போகிறோம்.

கைக்குழந்தையை இராப்பூசைக்குத் தூக்கிக்கொண்டு போவதா என்றுதான் இன்னும் முடிவாகவில்லை. வாசகங்களே நெடுநேரம் ஓடும். சின்ன மகள் ஞாயிறு காலைப் பூசைக்குப் போகிறேன் என்கிறாள், அது அவள் விருப்பம்.

திரிக்குக் காற்றுப் படாமல் இருக்கக் காகிதக் கப்பின் அடியில் ஓட்டை போட்டுச் செருகுவார்களே, அந்தக் கப்பை வாங்கி வைத்துவிட்டேன். பேத்திக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று தனியாக எடுத்து பீரோவில், பழைய திரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.