94 கிலோ ஆனது என் தப்பா, இல்ல ராத்திரி பதினொன்ற மணி சிக்கன் ரைஸ் தப்பா?

நைட்ஷிப்ட்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். இத்தன நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இன்னைக்கு தான் முதல் தடவ எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

வயசு 31, உயரம் 170 செமீ. 2018ல பெருங்குடியில வேலைக்கு சேரும்போது 67 கிலோ. இப்ப 94. அமெரிக்கா க்ளையன்ட், சாயங்காலம் ஆறரைக்கு லாகின், விடிகால மூணரைக்கு கேப் ஏறுனா நாலேகாலுக்கு ரூம். ப்ரேக் விடுறது பதினொன்றைக்கு. அந்த நேரத்துக்கு கேன்டீன் மூடிருவான், கேட்டுக்கு வெளிய பாஸ்ட் புட் வண்டி மட்டும் தான் எரிஞ்சுட்டு இருக்கும், சிக்கன் ரைஸ் இல்லனா எக் நூடுல்ஸ், கூட கோபி 65, கூட ஒரு கூல்ட்ரிங்ஸ். வாரத்துல அஞ்சு நாள் இதே தான். சனி ஞாயிறு ரூம்ல படுத்துகிட்டே ஆப்ல பிரியாணி. சமைக்க தெரியும், ஆனா நாலு மணிக்கு வந்து எவன் சார் சமைப்பான்.

போன மாசம் கோவில்பட்டில சித்தப்பா பொண்ணு கல்யாணம். பந்தியில பாயாசம் ஊத்த வந்தவர்கிட்ட எங்க பெரியப்பா "அவனுக்கு ஊத்தாதப்பா, அவன் ரெண்டு எலை சாப்பாடு ஏற்கனவே உள்ள போயிருச்சு"ன்னு சத்தமா சொல்றாரு, வரிசையே சிரிக்குது. நானும் சிரிச்சேன் வேற என்ன செய்ய. அப்புறம் கைகழுவுற இடத்துல வச்சு "வாயக் கட்டத் தெரியாதவன் வேற எதக் கட்டப் போறான்"னு சொன்னாரு பாருங்க, அது தான் இன்னும் குத்துது.

ரூம்மேட் வேற மாதிரி பேசுறான். எல்லாம் கம்பெனிக்காரன் வேலடா, அமெரிக்காவுல ரெண்டு பொண்ணுங்க நாங்க குண்டானதுக்கு பர்கர் கடை தான் காரணம்னு கேஸே போட்டாங்கங்குறான். நேத்து ரிப்போர்ட் வந்துச்சு, மூணு மாச சராசரி சுகர் 6.1. இடுப்பு 104 செமீ. டாக்டர் "இது பார்டர்"னு சொல்லிட்டு அடுத்த டோக்கன கூப்ட்டாரு.

என் கேள்வி இது தான், சத்தியமா இது என் பலவீனம் மட்டும் தானா? ஆறுதல் வேணாம், நேரா சொல்லுங்க.

வாக்கிங்_வைத்தி:
தம்பி நேரா சொல்லுன்னு கேட்டதால சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கை உங்க கை, வாய் உங்க வாய். வண்டிக்காரன் வந்து ஊட்டி விடல. நான் திருச்சி, வயசு 52, 2019ல 91 கிலோ இருந்தேன், பதினாலு மாசத்துல 11 கிலோ இறக்குனேன், பணியாரம் மொதக்கொண்டு நிறுத்தினேன், வீட்ல அவ்வளவு சண்ட. இன்னும் ஏறல.

உங்க ரூம்மேட் கேஸ பாதி தான் சொல்லிருக்காரு. 2002ல நியூயார்க் ப்ராங்க்ஸ்ல இருந்து மெக்டொனால்ட்ஸ் மேல போட்ட கேஸ் அது. 2003 ஜனவரில நீதிபதி ராபர்ட் ஸ்வீட் தள்ளுபடி பண்ணிட்டாரு. அளவுக்கு மீறி தின்னா உடம்பு ஏறும்னு தெரிஞ்சவங்கள அவங்க கிட்ட இருந்தே காப்பாத்துறது சட்டத்தோட வேல இல்லங்குற மாதிரி தான் தீர்ப்பு. அப்புறம் மேல்முறையீடு அது இதுன்னு இழுத்தாங்க, கடைசில நிக்கல. அதுக்கப்புறம் இருவதுக்கும் மேல மாநிலங்கள்ல இப்படி யாரும் கடைக்காரன் மேல கேஸ் போட முடியாதுன்னு சட்டமே போட்டுட்டான், சீஸ்பர்கர் சட்டம்னு அதுக்கு பட்டப்பேரு.

இன்னொன்னு, நாளைல இருந்து நடக்குறேன்னு கிளம்பாதீங்க. நடங்க, நல்லது தான், ஆனா அர மணி நேரம் நடந்தா எரியுறது 150 கலோரி வந்தா பெருசு, ஒரு பரோட்டாவ எரிக்க அது பத்தாது. எடை இறங்குறது வாயில தான்.

சும்மா_ஒருத்தன்:
பெரியப்பா எத்தன கிலோ ப்ரோ? அத சொல்லாம விட்டா எப்படி

நைட்ஷிப்ட்காரன்:
அவர் 100 தாண்டுவாரு ஆனா அது "ராஜ உடம்பு"

கரண்டி_மாஸ்டர்:
தம்பி நான் உங்களுக்கு பதில் சொல்லியே ஆகணும் ஏன்னா நான் தான் குற்றவாளி. வேளச்சேரில நாலு வருசம் பாஸ்ட் புட் வண்டில மாஸ்டரா நின்னேன், இப்ப கேட்டரிங். உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன் கேட்டுக்கோங்க.

ஒரு ஃபுல் சிக்கன் ரைஸுக்கு சட்டியில ஊத்துறது ஒன்ற கரண்டி எண்ணெய், அம்பது அறுவது மில்லி வரும், பாமாயில் தான். எந்த எண்ணெயா இருந்தாலும் அறுவது மில்லி 500 கலோரிய தொடும், இன்னும் சோறே போடல. கம்மியா ஊத்துனா என்னன்னு கேப்பீங்க, அந்த தீயில எண்ணெய் கம்மியானா சோறு அடியில ஒட்டும், ஒட்டுனா சட்டிய தேய்க்கணும், தேய்க்குற நேரத்துல மூணு ஆர்டர் போயிரும். முன்னாடி பதினாலு பேர் நிக்குறான், எல்லாருக்கும் கேப் பிடிக்கணும். அங்க எவன் உடம்ப பத்தி யோசிப்பான், கை தானா ஊத்தும். கோபி 65 காலைல பொரிச்சத திரும்ப ராத்திரி ஒரு தடவ பொரிச்சு எடுப்போம், ரெண்டு தடவ எண்ணெய் குடிக்கும்.

ஆஃப் ஃபுல் கணக்கு இன்னொன்னு இருக்கு. எங்க வண்டில ஆஃப் 60 ஃபுல் 90. ஆஃப்ல பாதிய விட கொஞ்சம் கூட இருக்கும் அவ்வளவு தான். ஓனர் கணக்கு என்னன்னா 60 குடுக்குறவன் கண்ணுக்கு 30 ரூவா ஜாஸ்தி போட்டா டபுள் கிடைக்குதுன்னு தெரியணும், எங்களுக்கு அந்த மிச்ச சோத்துக்கு ஆகுற செலவு பத்து ரூவா கூட கிடையாது. பசி ஆஃபுக்கு தான் இருக்கும் ஆனா ஆர்டர் ஃபுல்லுக்கு வரும். பர்கர் கடைல "காம்போ ஆக்கிரட்டுமா சார்"னு கேக்குறானே அதே வித்த தான், அவன் டை கட்டிகிட்டு கேக்குறான் நாங்க கைலில நின்னு கேட்டோம்.

அதனால வைத்தி சார் சொல்ற மாதிரி ஊட்டி விடலங்குறது உண்ம தான், ஆனா ஊட்டுற அளவுக்கு பக்கத்துல கொண்டு வந்து வச்சோம்ல.

செவ்வந்தி:
மாஸ்டர் எழுதுனத படிச்சதும் எங்க ஸ்கூல் வாசல் தான் ஞாபகம் வந்துச்சு. நான் கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர், ஊர் வேணாம். தேசிய குடும்ப நல சர்வே 2019-21ல தமிழ்நாட்டுல பெண்கள்ல 40.4 சதவீதம், ஆண்கள்ல 37 சதவீதம் பேருக்கு எடை கூடன்னு வந்துச்சு. அதுக்கு முந்துன சர்வேல பெண்கள் 30.9. அஞ்சாறு வருசத்துல தமிழ்நாட்டு பொம்பளைங்கள்ல பத்துல ஒருத்தி புதுசா வாய கட்ட மறந்துட்டாளா? எல்லாரும் ஒரே நேரத்துல சோம்பேறி ஆனோமா? இந்த கேள்விக்கு வைத்தி சார் பதில் சொல்லணும்.

பள்ளிக்கூடத்துல இருந்து 50 மீட்டருக்குள்ள கொழுப்பு உப்பு சர்க்கர அதிகமா உள்ளத விக்கக்கூடாதுன்னு உணவு பாதுகாப்பு ஆணையம் 2020லயே விதி போட்டுருச்சு. எங்க கேட்ல இருந்து அண்ணாச்சி கட பதினேழு அடி. அஞ்சு ரூவா பாக்கெட் சரம் சரமா தொங்குது, அந்த கண்ணாடி போட்ட பிரிட்ஜ கம்பெனிக்காரனே குடுத்துட்டு போயிருக்கான். அண்ணாச்சிய குறை சொல்லல, அவருக்கும் பொழப்பு. ஆறாம் வகுப்பு புள்ளைகிட்ட போயி பொறுப்பா இருன்னு எப்படி சொல்றது. பத்து ரூவாய்க்கு கொய்யாப்பழமும் கிடைக்கும் தான், ஆனா அத யாரும் டிவில ஹீரோ கையில குடுத்து காட்டுறதில்லயே. பிடி பீரியட கேட்டா மேக்ஸ் டீச்சருக்கு குடுத்துட்டோம்ங்குறாங்க (அந்த மேக்ஸ் டீச்சர் நான் தான், சிரிக்காதீங்க, போர்ஷன் முடியல).

காலை உணவு திட்டம் வந்ததுக்கு அப்புறம் சின்ன வகுப்பு புள்ளைங்க காலைல வெறும் வயித்தோட அந்த பாக்கெட்ட பிரிக்கிறது கம்மியாகிருக்கு, இது என் கண்ணால பாத்தது. அப்போ யாராவது நல்ல சோத்த நேரத்துக்கு முன்னாடி வச்சா புள்ளைங்க திங்குதுல்ல?

வாக்கிங்_வைத்தி:
டீச்சர் புள்ளைங்க விஷயம் வேற, அத ஒத்துக்குறேன். வாதம் பண்ணல. ஆனா இவருக்கு வயசு 31. சர்க்காருக்காக காத்திருந்தா அதுக்குள்ள 6.1 ஏழாயிரும். வரி போட்டா மாறிரும்னும் நினைக்காதீங்க, பக்கத்துல கேரளாவுல 2016ல அப்ப நிதி அமைச்சரா இருந்த தாமஸ் ஐசக் பர்கர் பீட்சாவுக்கு 14.5 சதவீதம் கொழுப்பு வரி போட்டாரு. பிராண்ட் கடைகளுக்கு மட்டும். பரோட்டா பீப் ப்ரைக்கு கிடையாது, அங்க எல்லாரும் சாப்பிடுறது அது தான். மறுவருசம் ஜிஎஸ்டி வந்து அந்த வரியும் போச்சு.

ஈஸ்ட்ஹாம்_அக்கா:
நான் லண்டனில இருக்கிறன், யாழ்ப்பாணம் சொந்த இடம். வைத்தி அண்ணை சொல்லுற மாதிரி வரியால ஒண்டும் நடக்காது எண்டு சொல்லேலாது. இஞ்ச 2018 ஏப்ரல்ல சோடாவுக்கு சீனி வரி வந்தது, 100 மில்லியில 5 கிராமுக்கு மேல சீனி இருந்தா அப்ப லீட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமுக்கு மேல எண்டா 24 பென்ஸ். இதில கெட்டித்தனம் என்னெண்டா வரிய ரெண்டு வருசம் முதலே அறிவிச்சிட்டினம், கம்பெனிக்காரர் வரி கட்டுறத விட சீனிய குறைக்கிறது லாபம் எண்டு தாங்களே குறைச்சிட்டினம். ஸ்கொட்லாந்துக்காரர் உயிரா குடிக்கிற ஐர்ன் ப்ரூ எண்டு ஒரு சோடா, 10 கிராமுக்கு மேல இருந்தது 5க்கு கீழ வந்திட்டுது, சனம் பழைய போத்தல வாங்கி வாங்கி அடுக்கி வச்சது. குடிக்கிற ஆக்கள் வாய கட்டேல்ல, சீனி தான் குறைஞ்சது. 2022ல இருந்து பெரிய கடையளில காசு கட்டுற இடத்தில சொக்லேட் வைக்கேலாது, பிள்ளையள் அழுறதும் குறைவு.

ஆனா ஒண்டு. என்ர மனுசன் பெற்றோல் செட்டில நைட் வேலை, தம்பியின்ர கதை தான் அப்பிடியே. சட்டம் சோடாவ மாத்திச்சு, எங்கட வீட்டு கொத்து ரொட்டிய மாத்தேல்ல. அத நான் தான் மாத்தினனான், கிழமைக்கு ஒருக்கா எண்டு. அதுக்கு அவர் ரெண்டு மாசம் ஒழுங்கா கதைக்கேல்ல.

வார்டு_சிஸ்டர்:
ஏன் எல்லாரும் தீர்ப்பு எழுதிட்டு இருக்கீங்க, அந்த பையன் தூக்கத்த பத்தி ஒருத்தர் கூட கேக்கல. ப்ரோ காலைல நாலேகாலுக்கு வந்து எத்தன மணிக்கு எந்திரிக்கிறீங்க? தூக்கம் கொறஞ்சா பசி தூண்டுற ஹார்மோன் ஏறும், போதும்னு சொல்ற ஹார்மோன் இறங்கும், அந்த நேரத்துல மூள கேக்குறது எண்ணெயும் இனிப்பும் தான். உங்க பெரியப்பா பத்து மணிக்கு குறட்ட விட்டு தூங்குறவரு, அவருக்கு இது புரியாது.

2019ல அமெரிக்காவுல கெவின் ஹால்னு ஒருத்தர் டீம் ஒரு பரிசோதன பண்ணாங்க. 20 பேர ஆஸ்பத்திரிலயே தங்க வச்சு ரெண்டு வாரம் பாக்கெட் டைப் சாப்பாடு, ரெண்டு வாரம் சாதாரண சாப்பாடு, முன்னாடி வச்ச சர்க்கர கொழுப்பு நார்ச்சத்து அளவெல்லாம் ரெண்டுலயும் ஒண்ணு, எவ்வளவு வேணா சாப்பிடலாம். பாக்கெட் சாப்பாட்டுல தினம் 500 கலோரி கிட்ட கூட சாப்ட்டாங்க, கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறுச்சு. ஆள் அதே ஆள் தான். மனவுறுதி ரெண்டு வாரத்துல மாறிருமா? 20 பேர் தானேன்னு வைத்தி சார் கேப்பாரு, சரி தான், ஆனா அடைச்சு வச்சு அளந்தது.

நம்ம ஆளுங்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்குற கணக்கு, 25லயே உடல்பருமன்னு எடுத்துக்குறோம், 30 வரைக்கும் காத்திருக்குறதில்ல. உங்களுது 32.5. ஆம்பளைக்கு இடுப்பு 90 தாண்டக்கூடாது. 6.1 இன்னும் சுகர் வியாதி இல்ல, அதுக்கு முந்துன படி, திரும்பி இறங்கலாம். லிவர் ஸ்கேன் ஒண்ணு எடுத்துருங்க. எடை குறைக்குற ஊசிய பத்தி யாராவது சொன்னா ரீல்ஸ் பாத்து போட்டுக்காதீங்க, போன வருசம் ஒருத்தங்க கல்யாணத்துக்கு முன்னாடி பத்து கிலோ குறையணும்னு சொந்தக்காரர் கிட்ட வாங்கி போட்டு வாந்தில அட்மிட் ஆனாங்க. வேணும்னா டாக்டர் சொல்லட்டும்.

முதல் வேலையா அந்த கூல்ட்ரிங்ஸ நிறுத்துங்க. 300 மில்லி கோலால 30 கிராமுக்கு மேல சர்க்கர. அத நிறுத்துனா பெருசா பசிக்காது, ஏக்கமும் கொஞ்ச நாள்ல குறையும். சாதத்துல கை வைக்கிறதெல்லாம் அப்புறம்.

வாக்கிங்_வைத்தி:
சிஸ்டர் 20 பேர் தானே

வார்டு_சிஸ்டர்:
😂 தெரியும்

நைட்ஷிப்ட்காரன்:
எல்லாருக்கும் நன்றி, ஒரு வாரம் கழிச்சு வர்றேன். தூக்கம் நாலர மணி நேரம் தான் சிஸ்டர், பக்கத்து ப்ளாட்ல ஒம்போது மணிக்கு டைல்ஸ் கட் பண்றான்.

வைத்தி சார் சொன்னதுக்கு முதல்ல கோவம் வந்துச்சு, அப்புறம் யோசிச்சா சனி ஞாயிறு ஆப்ல போடுற பிரியாணிக்கு நைட் ஷிப்ட குறை சொல்ல முடியாது, அது முழுக்க நான் தான். அத விட்டுட்டேன், ஆப்பயே தூக்கிட்டேன். பதினொன்ற மணிக்கு வேற கட இல்லாதது மட்டும் என் தப்புன்னு இன்னும் ஏத்துக்க முடியல. கேன்டீன பன்னெண்டு வரைக்கும் திறங்கன்னு பதினெட்டு பேர் கையெழுத்து வாங்கி மெயில் போட்டோம், "பார்க்கிறோம்"னு பதில் வந்துருக்கு.

மெஸ் அக்காகிட்ட சொல்லி டப்பால எலுமிச்ச சோறும் ரெண்டு அவிச்ச முட்டையும் கொண்டு போனேன். மூணு நாள் ஓடுச்சு. நாலாவது நாள் டீமே வண்டிக்கு போகுது, நான் மட்டும் பேன்ட்ரில உக்காந்து டப்பாவ தொறந்தா ஏதோ தண்டன மாதிரி இருந்துச்சு. எந்திரிச்சு போயிட்டேன். வண்டிக்காரர் கிட்ட மெதுவா "அண்ணே எண்ணெய் கம்மியா"ன்னேன். சட்டிய நிறுத்திட்டு என்ன ஒரு மாதிரி பாத்து "ஏன் தம்பி, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாரு. தலைய ஆட்டிட்டேன். எண்ணெய் அர கரண்டி, முட்ட மூணு போட்டாரு, காசு ரெண்டுக்கு தான் எடுத்தாரு. கூல்ட்ரிங்ஸ் வாங்கல.

கரண்டி_மாஸ்டர்:
நல்ல மனுசன். அதெல்லாம் சரி தம்பி, ஆஃபா ஃபுல்லா?

நைட்ஷிப்ட்காரன்:
ஃபுல் தாண்ணே