இரவு முயல்: லைட்டும் எயார் ரைபிளும், எத்தனை மீட்டருக்குள்ள?

கச்சான்மேடு:
முல்லைத்தீவு ஒட்டுசுட்டான் பக்கம் முக்கால் ஏக்கர் கச்சான் (நிலக்கடலை), முளைச்சு 12 நாள். பற்றைக்காட்டோட ஒட்டின இரண்டு வரிசை ஒவ்வொரு விடியலும் கடிபட்டுக் கிடக்கு. முயல் எண்டுதான் நினைக்கிறன். .22 ஸ்பிரிங் எயார் ரைபிளும் 4 மடங்கு ஸ்கோப்பும் நெத்தி லைட்டும் இருக்கு. பகலில 25 மீட்டரில போத்தல் மூடிக்குப் படுது, இரவில அதே தூரத்தில பிழைக்குது. ஏன்? எத்தனை மீட்டர் வரைக்கும் சுடலாம்?

குளக்கட்டு:
முதலில முயல்தானோ எண்டு பாருங்கோ. முயல் கடிச்ச தண்டு கத்தியால சரிச்சு வெட்டினமாதிரி இருக்கும். பக்கத்தில உருண்டைப் புழுக்கை கிடக்கும், நொறுக்கினால் உள்ளுக்குப் புல்லுத் தும்பு. தண்டு பிய்ஞ்சு நார்நாராத் தொங்கினால் அது ஆடு, மாடு, மான். மண்ணைக் கிண்டி விதையை எடுத்திருந்தால் முள்ளம்பன்றி அல்லது காட்டுப்பன்றி. அதுகளுக்கு எயார் ரைபிள் சரிவராது.

இன்னொண்டு, சுடுறதுக்கு முதல் ரைபிள் அனுமதியையும் காட்டு முயலைச் சுடலாமோ எண்டதையும் பொலிஸிலயும் வனசீவராசிகள் திணைக்களத்திலயும் கேட்டு எழுத்தில வாங்குங்கோ. சுண்டிக்குளம் தேசியப் பூங்கா போல பாதுகாக்கப்பட்ட இடமெண்டால் கேக்கவே தேவையில்லை, அங்க வேட்டை கூடாது.

சன்னம்55:
இரவில பிழைக்கிறதுக்கு நெத்தி லைட்தான் முதல் காரணம். வெளிச்சம் ஸ்கோப்பின்ர பின்பக்கத்திலயும் குழலின்ர மேலயும் பட்டுக் கண்ணுக்குள்ள திரும்புது, குறுக்குக் கோடு மங்கிப்போகும். லைட்டை ஸ்கோப்புக்கு மேல, முன்கண்ணாடியைத் தாண்டி முன்தள்ளிப் பூட்டுங்கோ. இல்லாட்டி ஒராள் வலத்தோளுக்குப் பக்கத்தில நிண்டு, ரைபிளில வெளிச்சம் படாமல் பிடிக்கட்டும்.

இரண்டாவது தூரம். இருட்டில மின்னுற கண் கிட்ட இருக்கிறமாதிரித் தெரியும். பகலிலேயே 15, 25, 30 மீட்டரில வெள்ளைத் துணி கட்டின தடி நட்டு வையுங்கோ.

உங்கட ரைபிள் வினாடிக்கு 180 மீட்டர் வேகத்தில தள்ளுது, ஸ்கோப் குழலுக்கு 4 செ.மீ. மேல இருக்கு எண்டு வையுங்கோ. 25 மீட்டரில சரிப்படுத்தினால் 10 மீட்டரில கிட்டத்தட்ட அதே புள்ளி, 15 மீட்டரில 1 செ.மீ. மேல. 30 மீட்டரில 2 செ.மீ.க்கு மேல இறங்கும், 35 மீட்டரில ஏறத்தாழ 5 செ.மீ. கீழ போயிடும். முயலின்ர தலையில பட வேண்டிய இடம், கண்ணுக்கும் காதடிக்கும் நடுவில, ஒரு இரண்டு ரூபாக் குத்தியளவுதான். அதால 25 மீட்டர்தான் எல்லை. வயித்தில பட்டால் முயல் ஓடிப்போய்ப் பற்றைக்குள்ள கிடந்து சாகும், உங்களுக்கும் கிடையாது.

ஸ்பிரிங் ரைபிள் துள்ளும். முன்கட்டையைக் கல்லு, வேலிக் கட்டையில வைச்சுச் சுட்டால் சன்னம் வேற இடத்துக்குப் போகும். மடிச்ச சாக்கில கையை வைச்சு, கைக்கு மேல ரைபிளை இறுக்காமல் வையுங்கோ. சன்னம் ஒரே பெட்டியில ஒரே ரகம், தலை உருண்டையா இருக்கிறது நல்லது. குழலை மடிக்கேக்க எப்பவும் ஒரு கையால பிடிச்சிருங்கோ, நழுவிச் சாத்தினால் விரல் போகும்.

பற்றைவெளி:
மேல சொன்னதில ஒண்டைக் கூட்டுறன். கண்ணைக் கண்டு சுடாதேங்கோ, காதைக் கண்டு சுடுங்கோ. நிலத்தில சிவப்பா மின்னுற கண் முயலுக்கு மட்டுமில்லை. மணல் பாதையில படுத்திருக்கிற பக்கிக்குருவியின்ர கண்ணும் அப்பிடித்தான். மரத்தில கண்டால் தேவாங்காயும் இருக்கலாம். சருகுமானும் முயலின்ர பருமன்தான். உடம்பு முழுக்கத் தெரியாட்டி விசையில விரல் வேண்டாம். பின்னால என்ன எண்டதும் முக்கியம், பக்கத்துக் காணிக் காவல் கொட்டிலில ஆள் படுத்திருப்பினம். முயலுக்குப் பின்னால மண்மேடு இருக்கவேணும்.

நிலவுக்காலத்தில முயல் வெளியால வாறது குறைவா இருக்கலாம், வந்தாலும் உங்களை முதலில அது காணும். அமாவாசையை ஒட்டின நாள் பாருங்கோ. சோளகம் (தென்மேற்குக் காத்து) வீசினால் வடகிழக்கில இருந்து கிட்டப் போகவேணும், காத்து உங்கட முகத்தில படவேணும். லைட்டை நேரே கண்ணில குத்தாமல் வட்டத்தின்ர ஓரத்தால தொட்டு வைச்சிருங்கோ.

கச்சான்மேடு:
நன்றி அண்ணை. சிவப்புக் கடதாசி ஒட்டினால் சரியோ? காயப்பட்டது பற்றைக்குள்ள போனால்?

பற்றைவெளி:
சிவப்பு நல்லது தம்பி, முயல் கூட நேரம் குந்தியிருக்கும். ஆனால் வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதிக்கு மேல குறையும். தேட சிவப்பு, சுட முதல் வெள்ளையில ஒருக்காப் பாருங்கோ.

பற்றைக்குள்ள இரவில போகாதேங்கோ. வன்னியில இன்னும் மிதிவெடி அகற்றாத துண்டுகள் இருக்கு, எச்சரிக்கைப் பலகை விழுந்தும் போயிருக்கும். யானையும் வரும். பாவனையில உள்ள பாதையை விட்டு இறங்காமல், விட்டுட்டு விடியப் பாருங்கோ. அதாலதான் 25 மீட்டர் எண்டது.

நாலடிவலை:
கேள்வி ரைபிளெண்டாலும் கச்சானைக் காப்பாத்த வேணுமெண்டால் வலைதான். ஒண்டைச் சுட்டால் அடுத்த கிழமை வேறொண்டு அதே வரிசைக்கு வரும். 1 அங்குலக் கண் கோழிக் கம்பிவலை, 4 அடி அகலம். 3 அடியை நிமிர்த்தி, மிச்ச 1 அடியை வெளிப்பக்கம் மடிச்சு நிலத்தில படுக்க விட்டு மண் போடுங்கோ. முயல் வேலியடியால நுழையப் பாத்தால் மடிப்பில முட்டிப் போயிடும். உள்பக்கம் மடிச்சால் பிரயோசனமில்லை. 2.5 மீட்டருக்கு ஒரு கட்டை. முக்கால் ஏக்கர் சதுரமெண்டால் சுற்றளவு ஏறத்தாழ 220 மீட்டர். காட்டுப்பக்கம் மட்டும் போட்டால் மூலையைச் சுத்தி வரும். படலைக்குக் கீழ ஒரு பலகை வையுங்கோ, அந்த இடைவெளியாலதான் கூட வாறது. மழைக்குப் பிறகு மடிப்பு மேல எழும்பியிருக்கோ எண்டு ஒரு நடை நடந்து பாருங்கோ.