பாட்டுச் செயலிகளின் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது: எதை நிறுத்துவது, எதை வைத்துக்கொள்வது?

பள்ளத்தூர் ஆச்சி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் விடிந்ததும் முகப்பில் தேவாரமும், மதியம் என் மாமியாருக்குப் பழைய திரைப்பாடல்களும், இரவில் பிள்ளைகள் இருவருக்கும் புதுப் பாட்டுகளும் ஒலிக்கும். இதற்காக இரண்டு செயலிகளுக்குப் பணம் கட்டுகிறோம். ஒன்றின் கட்டணம் முன்பே ஏறிவிட்டது; மற்றொன்றும் ஏறப்போவதாக இப்போது மின்னஞ்சல் வந்திருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மூத்த மகனையும் சேர்த்துக் குடும்பத் திட்டம் எடுத்தால் மிச்சமாகுமா? ஒன்றை நிறுத்தினால், பல ஆண்டுகளாக அதில் சேர்த்து வைத்த பாட்டுகள் என்னவாகும்?

காரைக்குடிவாசி:
ஆச்சி, பெரும்பாலான செயலிகளில் குடும்பத் திட்டம் ஒரே முகவரியில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. ஆகவே கடல் கடந்திருக்கும் மகனைச் சேர்க்க இயலாது. நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்த விதி பொருந்தவே பொருந்தாது என்பது என் வருத்தம்.

கட்டணக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக, 2024 ஆகஸ்டில் யூடியூப் பிரீமியத்தின் தனிநபர் கட்டணம் மாதம் 129 ரூபாயிலிருந்து 149 ஆகவும், குடும்பத் திட்டம் 189 ரூபாயிலிருந்து 299 ஆகவும் ஏறின. முன்பு இருவர் கேட்டாலே குடும்பத் திட்டம் லாபம். அந்த ஏற்றத்துக்குப் பின் இரண்டு தனிநபர் கணக்குகளுக்கு 298 ரூபாய்தான் என்பதால், மூவராவது கேட்டால்தான் அதில் மிச்சம்.

சேர்த்து வைத்த பாட்டுகள் நம்முடையவை அல்ல. தரவிறக்கியவையும் சந்தா நின்றதும் அந்தச் செயலியில் ஒலிக்கமாட்டா. செயலியே மூடப்படுவதும் உண்டு: ரெஸ்ஸோ என்ற பாட்டுச் செயலி 2024 ஜனவரியில் இந்தியாவில் மூடப்பட்டது. விங்க் மியூசிக் என்ற செயலியும் அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. எனவே நிறுத்துவதற்கு முன் பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டை இசைப்பிரியன்:
நாம் கட்டும் பணம் யாருக்குப் போகிறது என்பதையும் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலான செயலிகளில் எல்லோருடைய சந்தாவும் ஒரே தொகுப்பில் சேர்ந்து, மொத்தமாக எந்தப் பாட்டு எத்தனை முறை ஒலித்தது என்ற விகிதத்தில் பிரிக்கப்படுகிறது. ஆகவே வீட்டில் காலை முழுவதும் தேவாரமே ஒலித்தாலும், நம் பணத்தின் பெரும்பகுதி நாடெங்கும் அதிகம் கேட்கப்படும் பாட்டுகளுக்கே சேரும். ஓதுவார் ஒருவரின் குறுந்தகட்டை அவரிடமே வாங்கினால் அந்தப் பணம் அவர் கைக்கே போகும். நான் அப்படித்தான் செய்துவருகிறேன்.

மாமியாருக்கு வேறு வழியும் உண்டு. இந்தியச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகளுக்கே நீடிக்கும் (பாடல் வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு). ஏ.வி. மெய்யப்பன் படமெடுக்க வருவதற்கு முன் காரைக்குடியில் இசைத்தட்டு விற்றவர் அல்லவா? ஒலிப்பதிவு உரிமை முடிந்துபோன அந்தக் காலத்துத் தட்டுகள் நம் பெரிய வீடுகளின் உள்ளறைகளில் இன்றும் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றை வீட்டுக் கேட்புக்காகக் கணினியில் பதிந்து வைத்தால், அந்தப் பாட்டுகளுக்கு மாதக் கட்டணமே வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சி:
இருவருக்கும் நன்றி. வீட்டில் மூவர் கேட்பதால் ஒரு செயலியில் குடும்பத் திட்டத்துக்கு மாறிவிட்டு, மற்றொன்றின் தானியங்கிப் பணப்பிடித்தத்தை யூபிஐ வழியாகவே ரத்து செய்துவிட்டேன். மாமியாரைக் கேட்டபோது, இரண்டாங்கட்டு அறையில் ஒரு தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள் இருப்பதாகச் சொன்னார். திறந்து பார்த்தால் சில விரிசல் விட்டிருந்தாலும் பெரும்பாலானவை நன்றாகவே இருக்கின்றன. காரைக்குடிப் பக்கம் பழைய தட்டுச் சுழற்றியைப் பழுது பார்த்துத் தருபவர் யாரேனும் இருக்கிறார்களா?