பாரிஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: தெருமுனை ஒயின் கடைக்காரரிடம் குழம்பைப் பற்றிச் சொல்லுங்கள்

போன வாரம் ஒரு தங்கை கேட்டிருந்தார். பாரிஸுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. கூட வேலை செய்யும் தோழி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். ஒயின் வாங்கிப் போகலாம் என்று சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் சுவர் முழுக்க பாட்டில், எதை எடுப்பது என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பிவிட்டாராம். என் பதில் இதுதான்: அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். உங்கள் பேட்டையிலேயே ஒரு 'காவ்', அதாவது ஒயின் கடை, இருக்கும். அங்கே நிற்பவரை 'காவிஸ்த்' என்பார்கள். அவரிடம் போங்கள்.

நம்மில் பலர் அந்த வாசலை மிதிக்கத் தயங்குவது எனக்குத் தெரியும். ஊரில் 'ஒயின் ஷாப்' என்றால் கம்பி வலைக்குப் பின்னால் கை நீட்டி வாங்குகிற இடம். பெண்கள் அந்தப் பக்கமே போவதில்லை. இங்கே அந்தச் சொல்லை மறந்துவிடுங்கள். பாட்டிமார் கூடையோடு வருவார்கள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் வருவார்கள். ரொட்டிக் கடை, பாலாடைக்கட்டிக் கடை போல இதுவும் ஒரு கடை. உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்ல மட்டும் மறக்காதீர்கள். அதைச் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்டால் இந்த ஊரில் யாருக்கும் முகம் மலராது.

எவ்வளவு செலவு செய்ய நினைக்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம், அதில் கூச்சம் வேண்டாம். 8 முதல் 12 யூரோவுக்குள் மனம் நிறைகிற பாட்டில்கள் நிறைய உண்டு. அப்புறம் சாப்பாட்டைச் சொல்லுங்கள். இங்கேதான் நாம் வழக்கமாகத் தவறுகிறோம். 'இந்தியச் சாப்பாடு', 'கறி' என்று சொல்லி நிறுத்திவிட்டால் அவர் மனதில் வருவது முந்திரியும் பாலேடும் போட்ட வடக்கத்தி உணவகச் சாப்பாடு. நம் புளியும் மிளகும் அவருக்குத் தெரியாது, நாம்தான் சொல்லவேண்டும்.

சொல்வதற்கு நம்மிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன. அறுசுவையில் ஒன்றாகவே துவர்ப்பை வைத்திருப்பவர்கள் நாம். வாழைப்பூவையும் நெல்லிக்காயையும் கடித்தால் நாக்கு இறுகுமே, சிவப்பு ஒயினில் 'தானேன்' என்று இவர்கள் சொல்வது அதைத்தான். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிற துவர்ப்பு அது. புளிப்புக்கு 'அசித்', காரத்துக்கு 'பிகான்'. 'செக்' என்று எழுதியிருந்தால் இனிப்பு இல்லை என்று அர்த்தம், நாக்கு வறளும் என்று அல்ல. 'தெமி செக்' என்றால் இலேசான இனிப்பு. இந்த நான்கைந்து சொல் போதும், அவர் உங்களோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்.

எனக்கு இது புரிந்தது மீன் குழம்பால். வந்த முதல் வருடம், நல்லதாக இருக்கட்டும் என்று விலை கூடிய போர்தோ ஊர்ச் சிவப்பு ஒயின் வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்போடு குடித்தேன். வாயெல்லாம் இரும்புச் சுவை, தொண்டையில் எரிச்சல். ஒயினே நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிட்டேன். மனைவிதான் தெருமுனைக் கடைக்காரரிடம் போய்க் கேட்கச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. 'குழம்பில் என்னென்ன போடுவீர்கள்?' என்று கேட்டார். புளிக்கு என்னிடம் பிரெஞ்சு வார்த்தை இல்லை. மறுநாள், நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பலில் வாங்கிய புளியில் ஒரு உருண்டையும், சின்ன டப்பாவில் குழம்பும் கொண்டுபோனேன். புளியை நக்கிப் பார்த்தார், குழம்பை ஒரு கரண்டி சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு விளக்கினார். சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேரும்போதுதான் அந்த வாடை வருகிறது. மிளகாய் தூண்டும் அதே நரம்பை ஒயினில் உள்ள சாராயமும் (ஆல்கஹால்) தூண்டுவதால் எரிச்சல் இரட்டிப்பாகிறது. புளி போட்ட குழம்புக்குப் பக்கத்தில் புளிப்பில்லாத ஒயின் சப்பென்று ஆகிவிடும். அதனால் வேண்டியது புளிப்பு உள்ள, இலேசாக இனிப்பு உள்ள, துவர்ப்பே இல்லாத, சாராயம் குறைந்த வெள்ளை. அவர் எடுத்துக் கொடுத்தது லுவார் ஆற்றங்கரை வூவ்ரே, தெமி செக். ஷெனேன் என்ற திராட்சையில் செய்தது.

அன்று இரவு மீன் குழம்பும் அந்த ஒயினும் ஒன்றுக்கொன்று கை கொடுத்தன. காரம் அடங்கியது, புளி மட்டும் துலக்கமாக நின்றது. வெல்லம் ஒரு சிட்டிகை போட்டால் புளிக்குழம்பு எப்படி ஒழுங்குக்கு வருமோ, அதே வேலையை அந்த இனிப்பு செய்தது.

அதற்குப் பிறகு நாங்கள் வீட்டில் முயன்று பிடித்துப்போனவை சில. வஞ்சிரம் வறுவலுக்கு நாந்த் நகரப் பக்கத்து முஸ்கடே, லேபிளில் 'சூர் லீ' என்று இருக்கும். எலுமிச்சை பிழிந்த மாதிரி இருக்கும். வடை, பஜ்ஜிக்கு கிரேமான் என்ற நுரைக்கிற ஒயின். ஷாம்பேன் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கவைத்துச் செய்வது, விலை அதைவிட நன்றாகவே குறைவு. அந்த நுரை எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடும். தேங்காய்ப்பால் சொதிக்கு அல்சாஸ் பக்கத்துக் கெவுர்ஸ்த்ரமினர், ரோஜாவும் லிச்சியும் மணக்கும். ஆனால் அதில் புளிப்பு குறைவு, புளிக்குழம்புக்கு வேண்டாம். அதற்கு அதே ஊர் ரீஸ்லிங் கேளுங்கள். சிவப்புதான் வேண்டும் என்பவர்கள் மட்டன் சுக்காவுக்குப் போஜொலே வாங்கலாம். கமே திராட்சை, துவர்ப்பு குறைவு. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்தால் இன்னும் நல்லது. ரசத்துக்கு எதுவும் வேண்டாம். ரசத்தை ரசமாகக் குடியுங்கள்.

பிரெஞ்சு லேபிளில் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் இருக்கும், திராட்சையின் பெயர் இருக்காது. அல்சாஸ் விதிவிலக்கு, உயரமான ஒல்லிப் பாட்டில், மேலே திராட்சைப் பெயரே எழுதியிருக்கும். ஆரம்பிப்பவர்களுக்கு அது வசதி. சாராய அளவும் எல்லா லேபிளிலும் உண்டு. காரச் சாப்பாட்டுக்கு 12.5 சதவீதத்துக்குக் கீழே பாருங்கள்.

திறந்ததும் ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது உங்கள் மூக்கின் குற்றமில்லை, கார்க் கெட்டிருக்கிறது. 'பூஷோனே' என்று சொல்லி, மீதியைக் கொட்டாமல் பாட்டிலோடு கடைக்குக் கொண்டுபோங்கள், நல்ல கடைக்காரர் மாற்றித் தருவார். பிடிக்காமல் போனாலும் போய்ச் சொல்லுங்கள். 'துவர்ப்பு அதிகம்', 'புளிப்பு போதவில்லை' என்று நீங்கள் சொல்லச் சொல்லத்தான் உங்கள் நாக்கு அவருக்குப் பிடிபடும். மிச்சம் இருந்தால் அதே கார்க்கை அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், சிவப்பாக இருந்தாலும் சரி. இரண்டு மூன்று நாள் தாங்கும்.

குடிக்காதவர்கள் இதற்காகப் பழக வேண்டியதே இல்லை. 'ஜ ந ப்வா பா' என்றால் போதும், காரணம் சொல்லவேண்டாம். குடிப்பவர்களுக்கு இங்கத்திய பொதுச் சுகாதாரத் துறை சொல்வது: ஒரு நாளைக்கு 2 கோப்பைக்கு மேல் வேண்டாம், தினமும் வேண்டாம். கார் ஓட்டப் பிரெஞ்சு உரிமம் புதிதாக எடுத்தவர்கள் கவனம். சோதனைக் காலத்தில் ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.2 கிராமைத் தொட்டாலே குற்றம், அதற்கு ஒரு கோப்பையே போதும். அன்றைக்கு மெட்ரோவில் போங்கள்.

தங்கை, இனி உங்கள் கேள்விக்கு. தோழியிடம் என்ன சமைக்கிறாய் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அது இங்கே தப்பில்லை. பதிலைக் கடைக்காரரிடம் அப்படியே சொல்லி, 12 யூரோவுக்குள் என்று சொல்லுங்கள். நீங்கள் கொண்டுபோன பாட்டிலை அன்று அவர்கள் திறக்காமல் எடுத்து வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டுக்கென்று அவர்கள் ஏற்கனவே ஒன்றைத் தேர்ந்து வைத்திருப்பார்கள், அதனால் மனம் வருந்தாதீர்கள். எல்லோர் கோப்பையும் நிறையும்வரை பொறுங்கள். கோப்பையோடு கோப்பையைத் தொடும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்து 'சாந்தே' சொல்லுங்கள். அடுத்த முறை அவர்களை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடும்போது, மெனுவை இங்கே எழுதுங்கள். காவிஸ்த்திடம் பிரெஞ்சில் எப்படிக் கேட்பது என்று நான் எழுதித் தருகிறேன்.