ஏழாவது வாரத்து எச்சரிக்கை மெயில்: உங்கள் அனுபவம் என்ன?

கணித ஆசிரியை:

முதலாண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். 14 வார செமஸ்டரில் 7-வது வாரம், தேறுவது சந்தேகம் என்று தோன்றுகிறவர்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் மெயில் போய்விடும். பட்டியலைக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்றுதான் பல வருடம் இருந்தேன்.

ஒரு வருடம், மெயில் போன மறுநாளிலிருந்து ஒரு மாணவன் வகுப்புக்கே வரவில்லை. அதுவரை ஒரு நாள்கூட லீவு போடாதவன். இரண்டு வாரம் கழித்து நூலக வாசலில் பிடித்தேன். "ஏம்பா வர்றதில்ல?" "அதான் ஃபெயில்னு மெயில் வந்துடுச்சே மேம்."

கையிலிருந்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். இதுவரை 40 மதிப்பெண் முடிந்திருக்கிறது, அவன் வாங்கியது 14. பாக்கி 60. தேற 50 வேண்டும். அப்படியென்றால் 60-க்கு 36. என் பேனாவை வாங்கி, அந்தக் கழித்தலை அவனே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தான். "முப்பத்தாறுதானா மேம்?"

பிறகு அவன் விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். வகையிடல் விதிகளில் ஒரு தப்பும் இல்லை. பின்னத்தைச் சுருக்கும் இடத்தில்தான் ஒவ்வொரு கணக்கும் சறுக்கியிருந்தது. பள்ளிப் பாடம்! அதைச் சரிசெய்ய நான்கு மாலைகள் போதுமாயிருந்தன. திருத்தியவளே நான்தான், எனக்கே அது கண்ணில் படவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. அவன் 53 வாங்கித் தேறினான்.

இப்போதெல்லாம் மெயில் போகும் முன்பே ஆளைக் கூப்பிட்டு, விடைத்தாளை நடுவில் வைத்துப் பேசிவிடுகிறேன்.

மாணவர் ஆலோசகர்:

மேடம், எங்கள் நிர்வாகத்தில் மென்பொருள் வாங்கிப் போட்டால் போதும் என்று ஒரு பேச்சு ஓடியது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 'கோர்ஸ் சிக்னல்ஸ்' என்ற மென்பொருளில், தேறுவாரா மாட்டாரா என்று கணித்து ஒவ்வொரு மாணவருக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு காட்டினார்களே, அதைத்தான் உதாரணம் சொன்னார்கள். அந்த விளக்கு இருந்த வகுப்புகளை அதிகம் எடுத்தவர்கள் படிப்பைப் பாதியில் விடுவது குறைவு என்று பர்டூ சொன்னது உண்மை. ஆனால், படிப்பை விடாமல் தொடர்ந்தவர்களுக்குத்தானே அத்தகைய வகுப்புகளை அதிகம் எடுக்க வாய்ப்பு கிடைத்திருக்கும் என்று 2013-இல் சிலர் கேள்வி எழுப்பினார்கள். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது. விளக்கு எரிந்த பிறகு யார் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

இன்னொன்று: எங்கள் பட்டியலில் ஒருமுறை நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தியின் பெயர் வந்தது. விசாரித்தால், அவள் அசைன்மென்ட்டை ஆசிரியர் இன்னும் திருத்தவே இல்லை. காலியாக இருந்த கட்டத்தைக் கணினி பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. அழுதுகொண்டே என் அறைக்கு வந்தாள். அனுப்பும் முன் காலிக் கட்டங்களை ஒருமுறை பாருங்கள், தயவுசெய்து.

பழைய மாணவன்:

அந்த மெயில் வாங்கியவன் நான். ராத்திரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தலைப்பைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது, 9 நாள் திறக்கவில்லை. திறந்தபோது "உங்கள் ஆசிரியரை அணுகவும்" என்று இருந்தது. எங்கே, எத்தனை மணிக்கு, போய் என்ன கேட்பது, ஒன்றும் இல்லை. அதற்குள் பாடத்தைக் கைவிடக் கடைசித் தேதியும் முந்தின நாளோடு போயிருந்தது. அந்தத் தேதியையாவது மெயிலின் முதல் வரியில் போட்டிருக்கலாம்.

வேலை நேரம் என்ன என்று ஆய்வகப் பயிற்சியாளர் ஒருவர்தான் முதலில் கேட்டார். கேட்டதோடு என் பயிற்சி வகுப்பைக் காலையிலிருந்து மதியத்துக்கு மாற்றியும் கொடுத்தார். நான்கு பாடத்தில் மூன்று தேறியது அவரால்தான்.

கணித ஆசிரியை:

தம்பி, கடைசித் தேதியை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த செமஸ்டர் என் பட்டியலில் 11 பேர், தேதிக்கு இன்னும் 8 நாள் இருக்கிறது. நாளைக்கு மூன்று பேரை வரச் சொல்லியிருக்கிறேன். வேலைக்குப் போகிறார்களா என்றும் கேட்கிறேன்.