சூல்முடி ‘ரிசெப்டிவ்’ ஆக இருப்பதற்குத் தமிழில் என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர், கோவை:
வணக்கம். வீரிய ஒட்டுத் தக்காளி விதைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ஒரு சொல்லில் நிற்கிறேன். மகரந்தத்தை ஏற்கச் சூல்முடி (பூவின் பெண் உறுப்பின் நுனி) தயாராக இருக்கும் நிலைக்கு என்ன பெயர்? படிக்கப்போவது வயலில் மொக்கு பிரிக்கும் பெண்கள். மாலையில், இதழில் இளமஞ்சள் ஏறிய மொக்கைப் பிரித்து மகரந்தத்தாள்களை எடுக்கிறார்கள்; மறுநாள் காலை பூ விரிந்ததும் மகரந்தம் தொடுகிறார்கள். பிஞ்சு மொக்கில் கை வைத்தால் சூல்முடியைத் தாங்கும் சூல்தண்டு அடிபடும், விதை குறையும். தாமதித்தால் தன் மகரந்தமே விழுந்துவிடும். ‘ஏற்புத்திறன்’ என்று எழுதினேன், ஒட்டவில்லை.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சை:
அம்மா, அரும்பு, நனை, முகை, போது, மலர், வீ, செம்மல் என்று பருவந்தோறும் பூவுக்குப் பெயர் வைத்த மொழி நம்முடையது. ‘காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்இந் நோய்’ (குறள் 1227). விரியும் தறுவாயில் இருப்பது போது. பொழுதுக்கும் அதே சொல். பூவும் நேரமும் ஒரு சொல்லில் அமைந்திருக்க வேறென்ன வேண்டும்? ‘போதுநிலை’ என்க.

தோட்டக்கலை மாணவர், பெரியகுளம்:
ஐயா, சீத்தாவுக்குப் போது அப்படியே பொருந்தும். இதழ் சற்றே பிரியும்போது சூல்முடிகள் பிசுபிசுவென்று மின்னும். நன்றாக விரிந்து மகரந்தம் உதிர்கையில் அந்த ஈரம் காய்ந்திருக்கும். ஆனால் தக்காளியில் மகரந்தம் தொடுவது மலர்ந்த பூவில். பாகலிலும் அப்படித்தான். இதழின் நிலை வேறு, சூல்முடியின் நிலை வேறு.

உயிரியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்:
இங்கே சூல்முடியைக் ‘குறி’ என்றுதான் படிப்பிக்கிறோம். போன கிழமை கோணல் வெள்ளரிக்காய் ஒன்றை நீளவாக்கில் வெட்டிக் காட்டினேன். பருத்த பக்கம் முழு விதை. ஒடுங்கிய பக்கம் வெறும் வெள்ளைச் சக்கை. வளரும் விதையிலிருந்து வரும் ஓமோன்தான் சுற்றியுள்ள சதையைப் பருக்க வைக்கிறது. குறி ஏற்றால் மட்டும் போதாது. மகரந்தக்குழாய் போய்ச் சேரும்வரை, விதையாக மாறும் சூல்வித்து உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே குறியின் நிலைக்கு ஒன்று, சூல்வித்தின் நிலைக்கு ஒன்று என இரண்டு சொல் தேவை.

மொழிபெயர்ப்பாளர்:
வயலில் அக்காமாரிடமே கேட்டேன். “பூ பதமா இருக்கணும்மா” என்றார்கள். ‘ஏற்புப் பதம்’ என்று வைக்கலாமா?

பெயர்ச்சொல் ஆர்வலர், சென்னை:
பதம் வடசொல். ‘ஏற்புப் பருவம்’ போதும்.

தமிழாசிரியர்:
‘சொல்’ என்று பொருள்படும் பதம்தான் வடமொழி. பாகுப் பதம், வெண்ணெய்ப் பதம் நம்முடையவை. பதத்தை விலக்கிவிட்டுப் பருவத்தைச் சேர்க்கிறீர்களே, அது எந்த ஊர்ச் சொல்?

மொழிபெயர்ப்பாளர்:
வியாழன் இரவு ஆகிவிட்டது. நால்வர் ‘ஏற்புப் பதம்’ என்றதால் அதையே போட்டு அனுப்பிவிட்டேன். யாழ்ப்பாணத்து அக்கா கேட்ட இரண்டாம் சொல் அமையவில்லை. அந்த இடத்தில் ஒரு வாக்கியமாகவே விளக்கியிருக்கிறேன்.

தமிழாசிரியர்:
சரி அம்மா. சீத்தா பற்றிக் கையேடு எழுதும் நாளில் ‘போது’ வந்தாக வேண்டும். இந்த மறுப்பைப் பதிவில் வையுங்கள்.